ரெண்டு பேர் பார்த்தால்தான்

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு வேண்டாங்க. காலையில இருந்து பாத்தது போதும், இனி எதையும் பாக்கறதா இல்லை. இந்தப் பையை மட்டும் மடியில வெச்சுக்கறேன். உள்ள பைனாகுலர் இருக்குது. கழுத்துல மாட்டிக்கிட்டு ஏறுனா கண்டக்டர்ல இருந்து எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க.

ஆமாங்க, பறவை பாக்கத்தான் போயிருந்தோம். சிரிங்க, பரவாயில்லை. எங்க ஊர்ல சிரிக்காத ஆளே கெடையாது. "என்னண்ணா, தலை நரைச்ச காலத்துல காக்கா குருவி பின்னால சுத்தறீங்க"ன்னு கேப்பாங்க. சீட்டாடறவனை யாராச்சும் கேக்கறாங்களா? கேக்க மாட்டாங்க.

நான் யாருன்னு சொல்லலையே. பேரு சென்னியப்பன். டிரைவிங் ஸ்கூல் வெச்சிருந்தேன். நீங்க எந்த ஊருங்க? அட, அப்ப உங்க மாமனோ சித்தப்பனோ எங்கிட்டத்தான் ஸ்டியரிங் புடிச்சிருப்பாங்க. கேட்டுப் பாருங்க. "சென்னியப்பண்ணன் மண்டையிலயே கொட்டுவாரு"ன்னு சொல்லுவாங்க. கொட்டுவேன். கண்ணாடியப் பாக்காம கிளச்சை விட்டா கொட்டத்தான் செய்வேன். நான் கத்துக் குடுத்த ஆளு எவனும் இதுவரைக்கும் ஒரு கோழிக்குஞ்சு மேல வண்டிய விட்டதில்லைங்க. அப்பேர்ப்பட்டவன் இன்னைக்கு ஓட்டை பஸ்ஸுல வர்றேன். சொந்தக் காரு அங்க குளத்துமேட்டுல நிக்குது, சாவி இன்னொருத்தன் சட்டைப் பையில. எப்படி இருக்குது கதை?

நெம்ப அசதியா இருக்குதுங்க. நடந்த அசதி இல்லை. பேசிப் பேசி வந்த அசதி.

நாங்க மூணு பேருங்க. நானு, நாச்சிமுத்து, வேதநாயகி டீச்சர். நாச்சிமுத்து என்கூடப் பள்ளிக்கூடம் படிச்சவன், பஸ் ஸ்டாண்டு எதுக்கால மருந்துக்கடை வெச்சிருந்தான், இப்ப மகன் பாத்துக்கறான். டீச்சர் செடிகொடி பாடம் எடுத்தவங்க, ரிட்டையர் ஆன பின்னால எங்ககூடச் சேந்தாங்க. ஞாயித்துக்கெழமைன்னா ஏதாச்சும் ஒரு குளம், குட்டை, கரடு. கட்டுச்சோறு கட்டிக்கிட்டுப் போயிருவோம். வண்டி என்னுது. ஓட்டறதும் நானு.

எல்லா வாரத்தையும்விட பங்குனி மொத ஞாயித்துக்கெழமை எங்களுக்கு முக்கியமுங்க. ஐப்பசியில எங்கெங்கயோ குளிர்தேசத்துல இருந்து வந்த பறவையெல்லாம் பங்குனி வெயில் ஏறுனா கெளம்பிரும். யாரு போயாச்சு, யாரு இன்னும் இருக்கறாங்கன்னு பாத்துட்டு வர்றது. நாங்க அதுக்கு வழியனுப்புன்னு பேரு வெச்சிருக்கறோம். டீச்சர் கரையில நின்னு, "எல்லாரும் பத்திரமாப் போய்ட்டு வாங்க"ன்னு தண்ணியப் பாத்துச் சொல்லுவாங்க. பொண்ணை அனுப்பி வெக்கற மாதிரி. மொத வருசம் நான் சிரிச்சேன். இப்ப அவங்க சொல்லாம நாங்க கெளம்பறதில்லை.

எங்களுக்குள்ள ஒரு சட்டம் இருக்குதுங்க. ஒருத்தர் மட்டும் பாத்தா அந்தப் பறவை கணக்குல வராது. ரெண்டு பேரு பாக்கணும். ஒருத்தர் கைய நீட்டுவாரு, இன்னொருத்தர் பாத்துட்டு ஆமான்னு சொல்லணும். அப்பத்தான் டீச்சர் எழுதிக்குவாங்க. அந்தச் சட்டத்தைப் போட்டதே நான்தான். ஆரம்பத்துல ஒருநாள் நாச்சிமுத்து தனியாக் கரை சுத்தப் போனவன் மூச்சு வாங்க ஓடியாந்து, பூநாரை பாத்தேன், ஒத்தையா நின்னுதுன்னான். நாங்க போறதுக்குள்ள ஒண்ணையும் காணோம். "ஒத்த ஆளு பாத்தா அது நெனப்புடா, ரெண்டு பேரு பாத்தாத்தான் பறவை"ன்னு சொல்லிட்டேன். பாவம், மூஞ்சி சுருங்கிப் போச்சு. ரெண்டு வாரம் வரவே இல்லை. என்ன பண்றது? ஒழுங்குன்னு ஒண்ணு வேண்டாங்களா?

அதுக்கப்பறம் அவன் மாறிட்டான். நான் கைய நீட்டுனாப் போதும், "ஆமா சென்னி, பாத்துட்டேன்"ம்பான். எனக்கு அது நல்லா இருந்துச்சு. ரெண்டு பேருக்கும் கண்ணு ஒண்ணாப் பழகிப் போச்சுன்னு நெனச்சேன்.

இன்னைக்குக் காலையிலயே சரியில்லைங்க. நான் போய் வண்டிய நிறுத்துன உடனே நாச்சிமுத்து டிரைவர் பக்கம் வந்து, "இன்னைக்கு நான் ஓட்டட்டுமா"ங்கறான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவனுக்குக் கத்துக் குடுத்தவனே நான்தான். ஸ்டியரிங்கைப் புடிச்சா கன்னுக்குட்டியக் கயித்துல புடிச்ச மாதிரி ரெண்டு கையிலயும் இறுக்கிப் புடிச்சுக்குவான். சைக்கிள்காரன் அவனைத் தாண்டிட்டுப் போவான். "நீ ஓட்டுனா வழியனுப்பப் போறதுக்குள்ள அதுக ஊருக்குப் போயி குஞ்சு பொரிச்சிருமுடா"ன்னேன். டீச்சர் சிரிக்கலை. எப்பவும் பின்னால உக்காறவங்க இன்னைக்கு முன்னால ஏறி உக்காந்துக்கிட்டாங்க.

உக்காந்தவங்க சும்மா வந்தாங்களா? "அண்ணா, லெஃப்ட்ல வண்டி வருது. அண்ணா, முன்னால வேகத்தடை. அண்ணா, சித்த மெதுவா." எனக்கே பாடமுங்க! பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். "டீச்சர், இது பள்ளிக்கூடம் இல்லீங்க"ன்னேன். அப்பறம் பேசலை. ஆனா கதவுப் புடியை மட்டும் விடலை.

மண்ரோட்டுல திரும்புன இடத்துலதான் அந்த ஆட்டுக்காரம்மா. அதைப் பெருசு பண்ணிட்டாங்க. நான் சொல்றதைக் கேளுங்க. ரோட்டுல நான் நேராப் போறேன். நேரா எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுது. திடீர்னு இடது பக்கத்துல இருந்து ஒரு பொம்பளை, நாலஞ்சு ஆடு. எங்க இருந்து மொளைச்சாங்கன்னே தெரியலை. நாச்சிமுத்து பின்னால இருந்து கத்தறான், டீச்சர் கத்தறாங்க, நான் பிரேக் அடிச்சு நிறுத்திட்டேன். நிறுத்திட்டேங்க! ஒரு சின்ன வெள்ளாடு பம்பர்ல இடிச்சு விழுந்துச்சு, எந்திரிச்சு ஓடிருச்சு. அந்தம்மா கூடையத் தூக்கிப் போட்டுட்டு வந்து, "அப்ப இருந்து ஓரமா நின்னு கையக் காட்டறேன், கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது"ன்னு ஏசுது. நின்னுச்சாம், கையக் காட்டுச்சாம். நின்னிருந்தா எனக்குத் தெரியாதுங்களா?

நாச்சிமுத்து எறங்கிப் போயி அதுகிட்ட என்னமோ பேசிச் சமாதானம் பண்ணிட்டு வந்தான். ஏறாம என் கதவுகிட்டயே நின்னான். "ஆடுதானடா, அதுதான் ஓடிருச்சே, ஏறு"ன்னேன். பின்னால ஏறிக் கதவைச் சாத்திக்கிட்டான்.

குளத்துக்குப் போயாச்சு. தண்ணி பாதி வத்திப் போச்சு. வேப்பம்பூ வாசம் ஆளைத் தூக்குது. கரையில ஆட்காட்டி கத்திக்கிட்டே ஓடுது, நடுவுல நாமக்கோழி, முக்குளிப்பான், அதெல்லாம் எப்பவும் இருக்கறதுதான். நெடுங்கால் உள்ளான் கொஞ்சம் நின்னுதுன்னு டீச்சர் சொன்னாங்க. நான் பாத்தேன். பாத்திருப்பேன். இந்த பைனாகுலர்ல லென்ஸுக்குள்ள பூஞ்சை புடிச்சிருச்சுங்க, மழைக்காலத்துல அலமாரியில வெச்சதுல. துடைச்சாலும் போகறதில்லை. எல்லாத்தையும் பனிக்குள்ள பாக்கற மாதிரி காட்டுது. டீச்சர் அவங்களோட பைனாகுலரைக் குடுத்தாங்க. அதுலயும் அப்படித்தான் இருந்துச்சு. இப்ப வர்ற சாமானெல்லாமே மட்டமுங்க.

அப்பறம்தான் அதைப் பாத்தேன். அக்கட்டால, கரைக்கு அந்தப் பக்கம், ஓடை இறங்கற எடத்துல பாறை இருக்குது. பாறை மேல, நெழல்ல, கொம்பன் ஆந்தை. அது லேசுல கண்ணுல படற பறவை இல்லைங்க. நல்லா அகலமா, பழுப்பா, ரெண்டு கொம்பும் விடைச்சுக்கிட்டு உக்காந்திருக்குது. காலையில நடந்ததெல்லாம் மறந்து போச்சு. மெல்லக் கைய நீட்டுனேன். "டேய், கொம்பன் ஆந்தை. அசையாம நில்லு."

நாச்சிமுத்து பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். நான் அவன் ஆமாங்கறதுக்காகக் காத்துக்கிட்டு நிக்கறேன்.

"எனக்குத் தெரியலை சென்னி"ங்கறான்.

"பாறைக்கு மேலடா. நெழல்ல."

"பாறை தெரியுது. ஆந்தை தெரியலை."

டீச்சரைப் பாத்தேன். அவங்க என்னைப் பாக்கலை, அவனைப் பாத்தாங்க. அவன் அவங்களைப் பாத்தான். ரெண்டு பேரும் முன்னமே பேசி வெச்சிருக்கறாங்கன்னு அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. "பக்கத்துல நிக்கறவன் நீ, உனக்குத் தெரியலையா? இத்தனை நாளும் தெரிஞ்சுது, இன்னைக்குத் தெரியலையா?"ன்னு கத்திட்டேன். பறவை பாக்கற எடத்துல சத்தம் போடக் கூடாதுன்னு சொல்றவன் நானு. குளத்துல இருந்த அத்தனையும் எந்திரிச்சுப் பறந்துருச்சு.

அவன் கரையில இருந்து எறங்கி, ஓடையைத் தாண்டி, முள்ளை வெலக்கிக்கிட்டு அந்தப் பாறைக்கு நடந்தான். போனவன் குனிஞ்சு ஒரு சிமிட்டிச் சாக்கை எடுத்தான். பழைய சாக்கு. ரெண்டு கையிலயும் புடிச்சு அங்க இருந்தே எனக்குத் தூக்கிக் காட்டுனான்.

நீங்களே சொல்லுங்க தம்பி. அவன் அவ்வளவு தூரம் தடதடன்னு நடந்து போறான், ஆந்தை உக்காந்துக்கிட்டா இருக்கும்? பறந்து போயிருக்கும். சாக்கு அதுக்குப் பின்னால கெடந்திருக்கும். ஆந்தை பறந்தா சத்தமே வராதுங்க, அது உங்களுக்குத் தெரியுமா? ரெக்கை அப்படி. பக்கத்துல பறந்தாலும் கேக்காது. நான் அதைச் சொன்னேன். டீச்சர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "சரிங்கண்ணா, சாப்பிடலாம் வாங்க"ன்னாங்க.

வேப்பமரத்தடியில உக்காந்தோம். டீச்சர் புளிச்சோறு கொண்டாந்திருந்தாங்க, பொரிச்ச மொளகாயோட. எனக்கு எறங்கலை. "இன்னைக்கு ஏன்டா அப்படிச் சொன்னே"ன்னு மறுபடி கேட்டேன். கேக்காம இருந்திருக்கணும். எந்தக் கெரகம் கேக்க வெச்சுதோ.

நாச்சிமுத்து இலையை மடிச்சு வெச்சுட்டுச் சொன்னான். "சென்னி, ரெண்டு வருசமா நீ கைய நீட்டுனதுல பாதி எனக்குத் தெரியலைடா. சில நேரம் அங்க ஒண்ணுமே இருக்காது. சில நேரம் கொக்கைக் காட்டி வேறென்னமோ பேரு சொல்லுவே. நான் சும்மா ஆமான்னேன். உன் மூஞ்சியப் பாத்தா இல்லைன்னு சொல்ல வாய் வரலை."

சும்மாவாங்க! ரெண்டு வருசம்!

"எது நெசம், எது சும்மா?"ன்னு கேட்டேன். "எனக்கே தெரியலைடா, கலந்து போச்சு"ங்கறான். டீச்சருக்கும் தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சும் எழுதியிருக்கறாங்க. "அதுல என்னங்கண்ணா, பறவைக்கு ஆமான்னு சொன்னதுல யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ரோட்டுக்கு அப்படிச் சொல்ல முடியாதுங்கண்ணா"ன்னாங்க. அழுதாங்க. எனக்கு அழுகை வரலை, கோவந்தான் வந்துது.

அதுக்குள்ள நாச்சிமுத்து எந்திரிச்சுப் போயி வண்டியில தொங்கிட்டிருந்த சாவிய உருவிட்டான். "அந்தம்மா மேல விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? அதுக்கு நீ பொறுப்பில்லைடா, நான் பொறுப்பு. ஆமா ஆமான்னு சொல்லிச் சொல்லி உனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுன்னு நான்தான் நம்ப வெச்சுட்டேன். இன்னைக்கு நான் ஓட்டறேன். நாளைக்கும் நான்தான். இனி நீ ஓட்ட வேண்டாம்."

கண்ணுக்கு என்னங்க? போன வருசம் என் மகன் வந்தப்பக் கூட்டிட்டுப் போயி ஒரு டாக்டர்கிட்டக் காட்டுனான். அவரு என்னமோ நரம்பு காஞ்சிருச்சு, ஓரப் பார்வை போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாத்திக்குங்க, தெனம் சொட்டு மருந்து விடுங்கன்னாரு. ஓரந்தானுங்க போச்சு. ரோடு நேராத்தானே இருக்குது? நடுவுலயும் கொஞ்சம் மங்கலா இருக்குதுன்னு வெச்சுக்குங்க, அது வயசுக்கு எல்லாருக்கும் இருக்கறதுதான். சொட்டு மருந்து எரியுதுங்க, விட்டுட்டேன். அந்த மருந்தே நாச்சிமுத்து கடையிலதான் வாங்கறது. வாங்காம விட்டதை அவன் கவனிச்சிருக்கறான் போல. ஒருநாள் கேட்டான், "சரியாயிருச்சு"ன்னு சொன்னேன். அதுக்கும் அவன் ஆமான்னு தலையாட்டுனான்.

என் காருல பின் சீட்டுல என்னை உக்காரச் சொல்றாங்க. உக்காருவனா? "நான் பஸ்ஸுல போறேன்"னு பையை எடுத்துக்கிட்டு நடந்தேன். பின்னாலயே ரெண்டு பேரும் கொஞ்ச தூரம் கூப்பிட்டுக்கிட்டே வந்தாங்க, நான் திரும்பலை. மெயின் ரோட்டுல நின்னா பஸ்ஸு வருது, போகுது. போர்டு எழுத்தையெல்லாம் இப்ப லைட்டு போட்டு ஓட விடறாங்க, மனுசன் எப்படிப் படிக்கறது? ரெண்டு பஸ்ஸை விட்டுட்டேன். அப்பறம் பூக்காரப் பொண்ணுதான் "இது உங்க ஊருக்குப் போகுதுங்கய்யா"ன்னு ஏத்தி விட்டுச்சு.

கோவமெல்லாம் இப்ப அடங்கிப் போச்சு தம்பி. வெசனந்தான் இருக்குது. ஒண்ணே ஒண்ணு. என் சம்சாரம் மரகதம் தவறுன பின்னால நான் ரொம்ப நாள் வெளிய வரலைங்க. சோறு வெச்சா வெச்ச எடத்துல கெடக்கும். நாச்சிமுத்துதான் கையப் புடிச்சு மறுபடி பறவை பாக்க இழுத்துட்டுப் போனான். அன்னைக்கு ஒரு புளியந்தோப்புல நின்னப்ப, கெளைக்குள்ள இருந்து அரசவால் ஈப்புடிப்பான் பறந்துது. வெள்ளை வெளேர்னு, முழ நீளத்துக்கு வாலு, காத்துல நூல் மாதிரி. நான் கைய நீட்டுனேன். "ஆமா சென்னி, பாத்துட்டேன், என்னமா இருக்குதுடா"ன்னான். அன்னைக்கு ராத்திரி பசிச்சுது எனக்கு. ரசஞ்சோறு ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். உசுரோட இருக்கலாம்னு தோணுனதே அன்னைக்குத்தான்.

அதுவும் இந்த ரெண்டு வருசத்துக்குள்ளதான் வருது.

அதை மட்டும் கேக்கணும்னு இருந்துச்சு. வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கலைங்க. இல்லைன்னு சொல்லிட்டான்னா நான் என்ன பண்றது? ஆமான்னு சொன்னாலும் என்ன பண்றது, சொல்லுங்க.

போனு அடிக்குது. யாருன்னு சித்தப் பாருங்க தம்பி, இந்த வெயிலுக்குத் திரையில எழுத்தே தெரியறதில்லை. பொழுது விழுந்துருச்சுங்களா? சரி, சரி. யாரு, நாச்சிமுத்துவா? எடுக்க வேண்டாம். அடிக்கட்டும்.

நிக்க மாட்டேங்குதே. நீங்களே எடுத்து என்னன்னு கேளுங்க. நான் பேச மாட்டேன்னு சொல்லுங்க. பக்கத்துல இருக்கறேன், ஆனா பேச மாட்டேன்னு சொல்லுங்க.

என்னங்க சொல்றான்? எறங்குன எடத்துலயே நிக்கணுமா? எதுக்கு? நான் எறங்கற பிரிவுல நாலு வழி ரோட்டைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகணும், அது அவனுக்குத் தெரியும். தாண்ட வேண்டாங்கறானா? அவன் எங்க இருக்கறான்? கேளுங்க, எங்க இருக்கறானாம்?

பின்னாலயா? இந்த பஸ்ஸுக்குப் பின்னாலயா? நான் ஏறுன எடத்துல இருந்தே வர்றானா? பஸ்ஸு போற போக்குக்கு அவன் எப்படி வருவான்? நாப்பதுக்கு மேல முள்ளு ஏறுனாலே அவனுக்கு வேர்த்துரும். டீச்சர்தான் பக்கத்துல உக்காந்து "அண்ணா, பஸ்ஸை விட்றாதீங்க"ன்னு சொல்லிக்கிட்டு வருவாங்க. பைத்தியக்கார ஜனங்க.

வெச்சுட்டானா? சரிங்க. அந்தத் தண்ணி பாட்டில் உங்களுதுங்களா, ஒரு வாய் குடுங்க.

தம்பி, நீங்க ஜன்னல் பக்கம்தானே இருக்கறீங்க. தலையை நீட்டாம பின் கண்ணாடி வழியாச் சித்தப் பாருங்க. வெள்ளை மாருதி. நானும் திரும்பித் திரும்பிப் பாக்கறேன், எனக்கு லைட்டு லைட்டா மட்டுந்தான் தெரியுது, எல்லாமே கலங்குது. பின்னால வர்றானுங்களா? உள்ள ரெண்டு பேரு இருக்கறாங்களா?

இருக்கறாங்களா? நல்லாப் பாத்தீங்களா தம்பி? சும்மா சொல்லலையே?